500 பவுண்ட் கடன்

மேடையும் தெருவும் – வரலாற்றுத் தொடர் – 14

மான்செஸ்டர் நகரத்தின் ஃப்ரீ டிரேட் ஹாலுக்கு இந்தத் தொடரில் ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறோம். 1966 மே 17 அன்று பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையில் நின்றபோது, நாட்டுப்புறப் பாட்டுக்கு அவர் துரோகம் செய்துவிட்டதாகப் பொருமிய ரசிகர் ஒருவர் ‘யூதாஸ்’ என்று கத்தியது அங்கேதான். அதே கட்டடத்தின் மாடியில் சின்ன அரங்கு ஒன்றும் இருந்தது. லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்று அதற்குப் பெயர். இந்த வாரம் அந்த மாடிப்படி ஏறப்போகிறோம்.

1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை மாலை. டிக்கெட் 50 பென்ஸ். லண்டனில் துணிக்கடை வைத்திருந்த மால்கம் மெக்லாரன் வாசலில் நின்று, தெருவோடு போனவர்களை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கூட்டிவந்த குழு செக்ஸ் பிஸ்டல்ஸ். அந்தப் பெயரை மான்செஸ்டரில் கேள்விப்பட்டவர்கள் வெகு சிலர். அன்று உள்ளே இருந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்களை எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும்.

உண்மையிலேயே இருந்தவர்களில் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் என்ற பள்ளித் தோழர்கள் இருவர். ஹுக் மறுநாளே கடைக்குப் போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அதை எப்படி வாசிப்பது என்று அவருக்குத் தெரியாது. அந்த இருவரும் சேர்ந்து தொடங்கிய குழுதான் பின்னாளில் ஜாய் டிவிஷன் ஆனது. பிறகு நியூ ஆர்டர் ஆனது. மார்க் ஈ. ஸ்மித் என்ற இன்னொருவர் தி ஃபால் குழுவைத் தொடங்கினார். மோரிஸி என்ற பதினேழு வயதுப் பையன் சில ஆண்டுகள் கழித்து தி ஸ்மித்ஸ் குழுவின் பாடகரானார். நாற்பது பேர் கூடிய ஒரு மாலையிலிருந்து ஒரு நகரத்தின் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டு இசை முளைத்தது.

அவர்கள் அங்கே அப்படி என்ன கண்டார்கள்? ஹுக் பிற்பாடு பலமுறை சொன்னதன் சாரம் இது: குழு படுமோசமாக ஒலித்தது; பார்த்தபோது, இதை நாமும் செய்யலாமே என்று தோன்றிவிட்டது. கச்சேரிக்குப் போகிறவர் மேடையைப் பார்த்து வியப்பது உலக வழக்கம். அன்றைக்கு வந்தவர்கள் மேடையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பங்க் என்று உலகம் பிற்பாடு அழைத்ததன் வேர் அந்தப் பார்வையில் இருக்கிறது.

எட்டாத உயரம்

அப்படியொரு பார்வைக்கு ஏன் அவ்வளவு பசி இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய ராக் இசை எங்கே போய் நின்றிருந்தது என்று பார்க்க வேண்டும். 1956இல் பிரிட்டனைப் பிடித்தாட்டிய ஸ்கிஃபிள் மோகத்தில், துணி துவைக்கும் தகரப் பலகையும் தேயிலைப் பெட்டியும்கூட வாத்தியங்களாக இருந்தன. ஜான் லெனான் அங்கிருந்து வந்தவர்தான். இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. 1973இல் யெஸ் குழு வெளியிட்ட ஓர் இரட்டை இசைத்தட்டில் மொத்தமே நான்கு பாடல்கள். ஓடும் நேரம் 80 நிமிடங்களுக்கு மேல். சுவர் அளவு சிந்தசைசர்கள், லாரி லாரியாகக் கருவிகள், விளையாட்டு மைதானங்களில் கச்சேரி. அந்த இசையில் அழகு இருந்தது, கடும் உழைப்பும் இருந்தது. ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்து வேலை கிடைக்காமல் நிற்கும் பதினேழு வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அதற்குள் நுழைய வழி இல்லை. அவர்களுக்கு விடப்பட்டிருந்தது டிக்கெட் வாங்கும் வரிசை மட்டும்.

வெளியிலும் அதே கதை. 1975இல் பிரிட்டனின் விலைவாசி ஒரே ஆண்டில் சுமார் 24 சதவீதம் ஏறியது. 1976இல் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டி நின்றது. படித்து முடித்தால் தொழிற்சாலை வேலை நிச்சயம் என்று அப்பன்மார் நம்பி வாழ்ந்த ஒப்பந்தம், பிள்ளைகள் காலத்தில் கிழிந்துவிட்டது.

பவரி தெருவின் மதுக்கடை

முதல் கீறல் விழுந்தது நியூயார்க்கில். பவரி தெரு அன்று வீடற்றவர்களும் குடிநோயாளிகளும் படுத்துக்கிடந்த இடம். அங்கே 1973 டிசம்பரில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் ஒரு மதுக்கடை திறந்தார். கண்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் பாடகர்களை நம்பி அந்தச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து சிபிஜிபி என்று பெயர் வைத்தார். வந்தவர்களோ வேறு ஆட்கள். டெலிவிஷன் குழு, கவிதையைக் கிட்டாரோடு மோதவிட்ட பேட்டி ஸ்மித், குவீன்ஸ் பகுதியிலிருந்து ரமோன்ஸ். சொந்தப் பாட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்பது கிறிஸ்டல் வைத்த நிபந்தனை. அந்த ஒரு நிபந்தனை, அடுத்தவர் பாட்டை நகலெடுத்துப் பிழைத்த காலத்தில் பெரிய கதவைத் திறந்தது.

ரமோன்ஸ் நால்வரும் உறவினர்கள் இல்லை. ஒரே குடும்பப் பெயரை எல்லோரும் சூட்டிக்கொண்டார்கள். தோல் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், மூன்று நான்கு கார்டுகள், நிற்காத வேகம். 1976 ஏப்ரலில் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள். மொத்தமும் 30 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர். பெரிய குழுக்கள் ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த காலத்தில் இவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து வந்துவிட்டார்கள்.

‘பங்க்’ என்ற சொல் ஷேக்ஸ்பியர் காலத்தில் விலைமகளைக் குறித்த வசவு. பிறகு அமெரிக்கச் சிறைகளில் பலமற்ற இளம் கைதியைக் குறித்தது. அதன்பின் உருப்படாத பொடியன் என்ற பொதுவான திட்டாகியது. 1970களின் தொடக்கத்தில் சில இசை விமர்சகர்கள், வீட்டு கராஜில் கரடுமுரடாக வாசித்த 60களின் குழுக்களை இந்தச் சொல்லால் பாசத்தோடு அழைத்தார்கள். 1976 ஜனவரியில் நியூயார்க் இளைஞர்கள் சிலர் ‘பங்க்’ என்ற பெயரிலேயே கேலிச்சித்திரங்கள் நிறைந்த ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். வசவைப் பட்டமாக எடுத்துச் சூட்டிக்கொள்வது ஒடுக்கப்பட்டவர்கள் எங்கும் கையாண்ட வழி. பங்க் அதைத் தன் பெயரிலேயே செய்தது.

கிங்ஸ் ரோடு, 430ஆம் எண் கடை

மால்கம் மெக்லாரன் 1975இல் நியூயார்க் டால்ஸ் குழுவைக் கவனித்துக்கொள்ளப் போனபோது, சிபிஜிபியில் ரிச்சர்ட் ஹெல் என்ற பாடகரைப் பார்த்தார். கிழிந்த சட்டை, அதைச் சேர்த்துப் பிடித்த ஊக்குகள், குத்திட்டு நிற்கும் முடி. அந்தக் காட்சியை மனத்தில் ஏற்றிக்கொண்டு லண்டன் திரும்பினார். கிங்ஸ் ரோட்டில் அவரும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய ‘செக்ஸ்’ என்ற கடையைச் சுற்றி ஏற்கெனவே சில பையன்கள் திரிந்தார்கள். அவர்களுக்கு ஒரு பாடகர் தேவைப்பட்டார். அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, வடக்கு லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க்கில் வளர்ந்த ஜான் லைடன் கடைக்குள் வந்தார். அவர் போட்டிருந்தது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் பனியன். குழுவின் பெயருக்கு மேலே ‘நான் வெறுக்கிறேன்’ என்ற பொருளில் அவரே கிறுக்கியிருந்தார். கடையிலிருந்த ஜூக்பாக்ஸில் ஓடிய பாட்டுக்கு வாயசைத்துக் காட்டச் சொன்னார்கள். அதுதான் தேர்வு. 1975 நவம்பர் 6 அன்று செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் முதல்முறை மேடையேறியது. சில பாடல்களிலேயே மின்சாரத்தைத் துண்டித்து அவர்களை நிறுத்தினார்கள்.

1976 பிப்ரவரியில் இசைவார இதழ் ஒன்றில் அந்தக் குழுவைப் பற்றிய ஒரு விமர்சனம் வந்தது. போல்ட்டன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இருவர் அதைப் படித்தார்கள். கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே போய், ஒரே வார இறுதியில் இரண்டு கச்சேரிகளைப் பார்த்தார்கள். திரும்பும்போது, பிஸ்டல்ஸை மான்செஸ்டருக்குக் கூட்டிவருவது என்று தீர்மானித்திருந்தார்கள். தங்களுக்கு ஹாவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்று புதுப் பெயர்களும் வைத்துக்கொண்டார்கள். மாடியிலிருந்த அந்தச் சின்ன அரங்கை 32 பவுண்ட் வாடகைக்கு எடுத்தவர்கள் இவர்கள்தான். தங்கள் குழுவான பஸ்காக்ஸையும் அன்றே மேடையேற்ற நினைத்தார்கள். போதிய ஆள் சேரவில்லை. வாசலில் வேறு யாருக்கோ காத்திருந்த ஸ்டீவ் டிகிள் என்பவரை மெக்லாரன் தவறுதலாக உள்ளே அனுப்பிவைத்தார். அந்தத் தவறால் ஷெல்லிக்கு ஒரு பேஸ் வாசிப்பவர் கிடைத்தார். ஜூலை 20 அன்று பிஸ்டல்ஸ் மறுபடி அதே அரங்குக்கு வந்தபோது பஸ்காக்ஸ் தயாராக இருந்தது.

அதே ஜூலையில், 4ஆம் தேதி, ரமோன்ஸ் லண்டன் வந்து ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தது. அதே மாதம் மார்க் பெர்ரி என்ற 19 வயது வங்கி எழுத்தர், தட்டச்சுப் பொறியும் பட்டைப் பேனாவும் வைத்துக்கொண்டு, ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற இதழை உருவாக்கினார். கையெழுத்துப் பத்திரிகை என்போமே, அந்த வகை. முதல் இதழ் 50 பிரதிகள். எழுத்துப்பிழைகள் அப்படியே இருந்தன. அடித்தல் திருத்தல் தெரிந்தது. ஓராண்டுக்குள் அச்சிட்ட பிரதிகள் பத்தாயிரத்தை எட்டின. புகழின் உச்சியில் இருந்தபோதே பெர்ரி அதை நிறுத்திவிட்டு, என் இதழைப் படித்தது போதும், நீங்களே ஒன்று தொடங்குங்கள் என்ற செய்தியை வாசகர்களுக்கு விட்டுப்போனார்.

ஒரே டிசம்பர்

1976 டிசம்பரில் மூன்று நாட்கள் நமக்கு முக்கியம்.

முதலாவது, டிசம்பர் 1. தேம்ஸ் தொலைக்காட்சியின் ‘டுடே’ நிகழ்ச்சியில் வரவிருந்த குவீன் குழு கடைசி நேரத்தில் வர முடியாமல் போக, அவர்களுக்குப் பதிலாக பிஸ்டல்ஸை உட்காரவைத்தார்கள். மாலை நேரம், நேரடி ஒளிபரப்பு. பேட்டி கண்ட பில் கிரண்டி, முடிந்தால் ஏதாவது வரம்பு மீறிப் பேசுங்கள் என்று அவர்களைச் சீண்டினார். கிட்டார் வாசிப்பவரான ஸ்டீவ் ஜோன்ஸ் அதுவரை அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் யாரும் கேட்டிராத வசவுகளைக் கொட்டினார். மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கம் முழுக்க அதுதான். இஎம்ஐ நிறுவனத்தின் தொழிற்சாலையில் அவர்களின் இசைத்தட்டைப் பொட்டலம் கட்டப் பெண் தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஏற்பாடாகியிருந்த சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான ஊர்கள் ரத்து செய்தன. வேல்ஸின் கேர்ஃபிலி நகரில் கச்சேரி நடந்த திரையரங்குக்கு வெளியே ஊர்மக்கள் திரண்டு கிறிஸ்துமஸ் கீதம் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் குளிரில் நின்று பாடிய தாய்மார்களின் அச்சம் உண்மையானது. அதை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. அவர்களின் பிள்ளைகள் எதற்காக உள்ளே போனார்கள் என்பதை அவர்களிடம் சொல்ல அன்று யாரும் இல்லை.

இரண்டாவது, டிசம்பர் 15. பிரிட்டனின் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி நாடாளுமன்றத்தில் செலவு வெட்டுகளை அறிவித்தார். சர்வதேச நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் வாங்குவதற்கான நிபந்தனை அது. ஒரு காலத்தில் உலகத்தின் கால்வாசியை ஆண்ட நாடு கையேந்தி நின்றது.

மூன்றாவது நாளைப் பற்றி மறுநாள் எந்த நாளிதழும் எழுதவில்லை. டிசம்பர் 28. மான்செஸ்டரின் இண்டிகோ ஸ்டூடியோவுக்குள் பஸ்காக்ஸ் நால்வரும் நுழைந்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஜான் மேயருக்கு அப்போது பதினாறு வயது. ஷெல்லியின் அப்பாவிடமும் நண்பர்களிடமும் திரட்டிய 500 பவுண்ட் கடன் கையில் இருந்தது. ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் மார்ட்டின் ஹானெட்; அவரும் அன்று புதியவர்தான். சில மணி நேரத்தில் நான்கு பாடல்கள் பதிவாகி, கலவையும் முடிந்தது. நான்கும் சேர்த்துப் பத்து நிமிடம். யெஸ் குழுவின் 80 நிமிட நான்கு பாடல்களை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ‘போர்டம்’ என்ற பாட்டில் வரும் கிட்டார் தனியாவர்த்தனத்தில் இரண்டே சுரங்கள். அவையே திரும்பத் திரும்ப வரும். பெரிய வித்வான்கள் விரலோட்டம் காட்டும் இடத்தில் ஷெல்லி சலிப்பையே வாசித்துக் காட்டினார். பாட்டின் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான வாசிப்பு வேறில்லை.

‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற பெயரில் அந்தத் தட்டு 1977 ஜனவரி 29 அன்று வெளிவந்தது. வெளியிட்ட நிறுவனம் ‘நியூ ஹார்மோன்ஸ்’. அப்படியொரு நிறுவனம் அதற்கு முன் இருந்ததில்லை. இந்தத் தட்டுக்காக அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது. உறையின் படம் நண்பர் ஒருவர் தெருவில் எடுத்த போலராய்டு. அந்த உறையில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக்கில் சரியாக வந்தது, அதன் மேல் எந்த வாத்தியத்தைக் கூடுதலாகப் பதிந்தோம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று பாட்டுகள் முதல் டேக்கிலேயே முடிந்தவை.

அந்தச் சில வரிகளை நான் இந்த இயக்கத்தின் மிக முக்கியமான ஆவணமாக மதிக்கிறேன். சமையல் ருசியாக இருந்தால் பக்குவத்தை ஒளித்துவைப்பதுதான் தொழில் தர்மம் என்று எங்கும் பழக்கம். இவர்கள் பக்குவத்தை உறையிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். இது மாயம் இல்லை, வேலை. இத்தனை டேக் ஆனது. நீயும் செய்யலாம் என்று அந்த உறை சொன்னது.

முதலில் அச்சடித்தவை 1,000 பிரதிகள். அவற்றை விற்றால் கடன் அடைந்துவிடும் என்பதுதான் கணக்கு. அவை வேகமாகத் தீர்ந்தன. அஞ்சல் வழியாகவும் லண்டனில் புதிதாக முளைத்திருந்த ரஃப் டிரேட் போன்ற கடைகள் வழியாகவும் போய்ப் போய், விற்பனை 16,000ஐ எட்டியது.

பூட்டாத கதவு

அதுவரை ஒரு குழு இசைத்தட்டு போட வேண்டுமானால் லண்டன் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் தலையசைக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் ஸ்டூடியோக்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்தன. தட்டு அச்சடிக்கும் ஆலைகள் பணம் கட்டிய யாருக்கும் அச்சடித்துக் கொடுத்தன. சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. குடியேறிய ஜமைக்கர்களின் ரெகே வெளியீட்டாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தார்கள். ராக் கேட்டு வளர்ந்த இளைஞர்களுக்குத்தான் அந்தக் கதவு பூட்டப்படவில்லை என்பது தெரியாமல் இருந்தது. பஸ்காக்ஸ் அதைத் தள்ளிக் காட்டியது.

அதே 1977 ஜனவரியில் ‘சைட்பர்ன்ஸ்’ என்ற சிற்றிதழில் ஒரு கோட்டுப்படம் வந்தது. கிட்டாரில் மூன்று கார்டுகளைப் பிடிக்க விரல்களை எங்கே வைக்க வேண்டும் என்று கையால் வரைந்து, இவை போதும், இனி ஒரு குழுவைத் தொடங்கு என்ற பொருளில் கீழே எழுதியிருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பிரிட்டனின் ஊர் ஊராகப் பையன்களும் பெண்களும் அதையே செய்தார்கள். ஸ்கிரிட்டி பொலிட்டி குழு 1978இல் வெளியிட்ட தட்டின் உறையில் பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, லேபிளுக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கையே எழுதிவிட்டது. 1980 ஜனவரியில் இந்தச் சுதந்திர வெளியீடுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் பிரிட்டனில் தொடங்கியது. இன்று உலகெங்கும் ‘இண்டி’ என்று புழங்கும் சொல்லுக்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது.

பிஸ்டல்ஸின் கதை சீக்கிரம் முடிந்தது. இரண்டு நிறுவனங்கள் அவர்களைக் கைவிட்டன. ராணியின் வெள்ளிவிழா ஆண்டான 1977இல், தேசிய கீதத்தின் தலைப்பில் அவர்கள் வெளியிட்ட பாட்டை பிபிசி தடைசெய்தது. அப்படியும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 1978 ஜனவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு குழு உடைந்தது. அந்தச் சீற்றத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. நாட்டின் பொய்க்கோலத்தை அது கிழித்தது. சீற்றத்தில் பெரும் பிழையும் இருந்தது. அதிர்ச்சி தரவேண்டும் என்பதற்காகவே சிலர் நாஜி ஸ்வஸ்திகாவை அணிந்தார்கள். தெருவில் இனவெறிக் கட்சி ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அது விளையாட்டில் சேராது. எதையும் மறுப்பது எளிது. மறுத்தபின் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி பங்க்கின் முன்னால் வந்து நின்றது.

அந்தக் கேள்விக்குப் போகுமுன், கடன் கதையை முடித்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சிறுமியாக லண்டனுக்கு அகதியாக வந்த மாயா அருள்பிரகாசம், பிஸ்டல்ஸ் முதல்முறை மேடையேறிய அந்தக் கல்லூரியின் வாரிசான சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தார். அவர் இசை பயின்றவர் இல்லை. பங்க்கின் வழிவந்த எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன், ரோலண்ட் எம்சி-505 என்ற தன்னுடைய இசைக்கருவியை அவருக்கு இரவல் கொடுத்தார். மாயா அதில் தட்டித் தட்டித் தானே கற்றுக்கொண்டார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் அவர் வெளியிட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடியில் ஓடுவது, தி கிளாஷ் என்ற பங்க் குழு குடியேறிகளைப் பற்றி 1982இல் செய்த பாட்டின் இசை. ஒரு தந்தை மகனுக்குக் கொடுத்த பணம், ஒரு பாடகி தோழிக்குக் கொடுத்த கருவி. இந்த இசையின் வரலாறு இப்படிக் கைமாறிய கடன்களால் ஆனது.

தி கிளாஷ் ஏன் குடியேறிகளைப் பற்றிப் பாடியது? 1976 ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் போலீசுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் நடந்த மோதலில் அந்தக் குழுவின் இருவர் நேரில் நின்றார்கள். ராக்ஸி என்ற மன்றத்தில், ஒலிக்கப் போதிய பங்க் தட்டுகள் இல்லாததால், ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த டான் லெட்ஸ் ரெகே தட்டுகளைச் சுழலவிட்டார். 1978 ஏப்ரல் 30 அன்று இனவெறிக்கு எதிராக டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஒரு பெருங்கூட்டம் நடந்து, கிழக்கு லண்டனின் விக்டோரியா பார்க்குக்கு வந்து சேர்ந்தது. அங்கே மேடையேறியவர்களில் சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் என்ற இளம்பெண்ணும் ஒருவர். அடுத்த வாரம் அந்த ஊர்வலத்தோடு நடப்போம்.

(தொடரும்)